லோணார் பள்ளத்துக்கு வயது 52,000-ஆ, 5,70,000-ஆ? பாறையின் வெப்ப ஒளிர்வு பற்றி ஒரு சந்தேகம்

ஊருணிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எனக்கு. இயற்பியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். போன டிசம்பர் விடுமுறையில் சித்தப்பா வீட்டாரோடு மகாராஷ்டிரா போயிருந்தபோது புல்டாணா மாவட்டத்து லோணார் ஏரியைப் பார்த்தோம். கரும்பாறைச் சமவெளியில் வண்டி போய்க்கொண்டே இருக்கிறது, திடீரென்று தரை முடிந்துபோகிறது. எட்டிப் பார்த்தால் ஏறத்தாழ 1.8 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு வட்டப் பள்ளம், அடியில் உப்பேறிய பச்சைத் தண்ணீர். விண்கல் மோதியதில் உண்டான பள்ளம் இது என்று கூட வந்தவர் சொன்னதிலிருந்து எனக்கு வேறு எதிலும் மனம் போகவில்லை.

ஊருக்குத் திரும்பிப் படிக்க ஆரம்பித்ததும் குழப்பம் வந்துவிட்டது. பாறையின் வெப்ப ஒளிர்வை, அதாவது தெர்மோலுமினசென்ஸை அளந்து, பள்ளத்தின் வயது 52,000 ஆண்டு, கூடக்குறைய 6,000 என்று 1997-இல் சொல்லியிருக்கிறார்கள். 2011-இல் ஆர்கான் முறையில், அதாவது பாறையிலுள்ள பொட்டாசியம் சிதைந்து சேரும் ஆர்கான் வாயுவை வைத்து அளந்தவர்கள் 5,70,000 ஆண்டு, கூடக்குறைய 47,000 என்கிறார்கள். பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம்! ஒரே பள்ளம், இரண்டு தரப்பும் விவரம் தெரிந்தவர்கள். யார் சொல்வதை எடுத்துக்கொள்வது? கல்லைச் சூடாக்கினால் வெளிச்சம் வரும் என்பதே எனக்குப் புதிது, எங்கள் பாடத்தில் அது ஒரே பத்தியோடு முடிந்துவிட்டது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். எங்கள் ஊர் எல்லையில் வட்டமாக ஒரு ஊருணி இருக்கிறது. "அந்தக் காலத்துல நட்சத்திரம் விழுந்து உண்டான பள்ளம்டா அது" என்று அப்பத்தா நான் சின்னப் பிள்ளையாக இருந்த நாளிலிருந்து சொல்லும். கரையெல்லாம் கருஞ்சிவப்பில், ஓட்டை ஓட்டையாக, உலையில் வெந்து வந்த மாதிரி கல் கிடக்கிறது. இதில் ஒன்றை எடுத்து ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுத் தோசைக்கல்லில் வைத்துச் சூடாக்கினால் ஒளி தெரியுமா? அதை வைத்து ஏதாவது சொல்ல முடியுமா? தெரிந்தவர்கள் கொஞ்சம் பொறுமையாக விளக்குங்கள்.

பாறைநேசன் எழுதியது:

தம்பி, முதலில் தோசைக்கல் யோசனையை விட்டுவிடுங்கள். ஈரம் உள்ளே மாட்டிக்கொண்ட கல் சூட்டில் வெடித்துத் தெறிக்கும், கண்ணில் பட்டால் அவ்வளவுதான். அப்புறம், ஃபுளூரைட் மாதிரி சில கனிமங்கள்தான் வெறும் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு ஒளிரும். நம் பக்கத்துப் பாறையில் இருக்கும் குவார்ட்ஸ் விடுகிற ஒளி மிக மங்கலானது, அதைப் பிடிக்க ஒளிபெருக்கிக் குழாய் பொருத்திய கருவி வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த ஒளி ஒரு கல்லில் ஒரே ஒரு தடவைதான் வரும். சூடாக்கி முடித்துவிட்டால் கல் சேர்த்து வைத்த கணக்கு போயே போச்சு. மறுபடி சேர ஆயிரக்கணக்கான வருடம் ஆகும்.

சரி, அது என்ன கணக்கு? உங்கள் ஊருணியை வைத்தே சொல்கிறேன்.

எந்தப் பாறையிலும், எந்த மண்ணிலும் துளியளவு யுரேனியம், தோரியம், பொட்டாசியம்-40 இருக்கும். இவை விடும் கதிர்வீச்சு ஓயாமல் கனிமங்களுக்குள் பாய்கிறது, வானத்திலிருந்து காஸ்மிக் கதிர்களும் கொஞ்சம் சேர்ந்துகொள்கின்றன. இந்த அடியில் சில எலக்ட்ரான்கள் இடம்பெயர்ந்து, படிகத்தில் இருக்கும் குறைபாடுகளில் போய் மாட்டிக்கொள்கின்றன. அந்தக் குறைபாடுகளைக் குழிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மழை கொஞ்சம் கொஞ்சமாகப் பெய்து ஊருணி நிறைகிற மாதிரி வருடா வருடம் குழிகளில் எலக்ட்ரான் சேர்கிறது. கல்லை 400, 500 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால் குழிகளில் கிடந்தவை கிளம்பி வெளியேறும், அப்படி வெளியேறும்போது விடுவதுதான் இந்த ஒளி. நிறையச் சேர்ந்திருந்தால் நிறைய ஒளி. ராபர்ட் பாயில் 1663-இலேயே இருட்டில் ஒரு வைரத்தை உடம்புச் சூட்டில் வைத்து அது மினுங்குவதைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். ஆனால் இதைக் காலம் அளக்கப் பயன்படுத்தலாம் என்ற யோசனை 1950-களில்தான் வந்தது.

அளக்கும் கணக்கு எளிது. கல் மொத்தம் எவ்வளவு கதிர்வீச்சு வாங்கியிருக்கிறது, வருடத்துக்கு எவ்வளவு வாங்குகிறது, முன்னதைப் பின்னதால் வகுத்தால் வருடக் கணக்கு வந்துவிடும். கிரே என்பது வாங்கிய கதிர்வீச்சை அளக்கும் அலகு. ஒரு கல் 100 கிரே வாங்கியிருக்கிறது, வருடத்துக்கு 2 மில்லிகிரே என்றால் 50,000 ஆண்டு. இங்கே ஒன்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். இந்த 50,000 ஆண்டு கல் பிறந்த நாளிலிருந்து எண்ணியது கிடையாது, கடைசியாக அதன் குழிகள் காலியான நாளிலிருந்து எண்ணியது. ஊருணி வெட்டிய வருடத்தைத் தண்ணீர் மட்டம் சொல்லாது, கடைசியாக வற்றியது எப்போது என்பதைத்தான் சொல்லும்.

விண்கல் மோதிய இடத்தில் இந்த முறை பயன்படுவதும் இதனால்தான். மோதலின் அதிர்வலை பாறைக்குள் ஓடும்போது, மோதிய இடத்துக்கு அருகில் லட்சக்கணக்கான வளிமண்டல அழுத்தம் உண்டாகிறது, பின்னாலேயே வெப்பமும் வருகிறது. குழிகள் துடைத்து எடுத்த மாதிரி காலியாகிவிடும். அன்றிலிருந்து கணக்கு புதிதாகத் தொடங்கும். அரிசோனாவின் மீட்டியார் கிரேட்டர் தெரியும் இல்லையா, 1.2 கிலோமீட்டர் அகலம், 170 மீட்டர் ஆழம். அதன் பாறைகளின் வெப்ப ஒளிர்வை அமெரிக்கப் புவியியல் ஆய்வுத்துறைக்காரர்கள் 1960-களின் தொடக்கத்திலேயே ஆராய்ந்திருக்கிறார்கள். 1985-இல் ஸ்டீபன் சட்டன் என்பவர் அங்கே அதிர்ச்சிக்கு உள்ளான மணற்பாறையையும் டோலமைட்டையும் அளந்து 49,000 ஆண்டு, கூடக்குறைய 3,000 என்று சொன்னார். 1991-இல் இரண்டு குழுக்கள் இதோடு சம்பந்தமே இல்லாத வழியில், காஸ்மிக் கதிர் பட்டுப் பாறையின் மேற்பரப்பில் உண்டாகும் குளோரின்-36, பெரிலியம்-10 போன்றவற்றை அளந்து, ஏறத்தாழ அதே வயதுக்கு வந்து சேர்ந்தன. அந்த ஒற்றுமையை நான் முதலில் படித்தபோது வகுப்பில் எழுந்து நின்று கைதட்ட வேண்டும் போலிருந்தது.

லோணாருக்குச் சாயங்காலம் வருகிறேன், அதை அவசரமாகச் சொல்ல முடியாது.

கதிர்ப்படம் எழுதியது:

நான் காரைக்குடியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலையில் இருக்கிறேன், புவியியல் தெரியாது. ஆனால் பாறைநேசன் ஐயா எழுதியதைப் படித்ததும் சட்டையில் மாட்டியிருக்கும் பேட்ஜைத் தொட்டுப் பார்த்தேன். நாங்கள் எல்லோரும் வாங்கும் கதிர்வீச்சை அளக்க டிஎல்டி என்ற ஒரு பேட்ஜ் மாட்டிக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டும். உள்ளே ஒரு உலோக அட்டையில் மூன்று சின்ன வில்லைகள் இருக்கும், டிஸ்ப்ரோசியம் கலந்த கால்சியம் சல்ஃபேட். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கழற்றி அனுப்பிவிடுவோம், அங்கே அதைச் சூடாக்கி, வருகிற ஒளியை அளந்து, இத்தனை கதிர்வீச்சு வாங்கியிருக்கிறீர்கள் என்று தாள் அனுப்புவார்கள். அப்படியானால் ஊருணிக்கரை தம்பி லோணாரில் மிதித்து நடந்த ஒவ்வொரு கல்லும் ஒரு பேட்ஜ்தான்!

என் அனுபவம் ஒன்று இங்கே பொருந்தும் என்று நினைக்கிறேன். முன்பு நான் வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில் ஒரு தடவை என் பேட்ஜுக்கு வழக்கத்தைவிடப் பல மடங்கு அளவு வந்துவிட்டது. வீட்டில் எல்லோரும் பயந்துபோனார்கள், எனக்கு இரண்டு நாள் தூக்கம் இல்லை. விசாரித்துப் பார்த்ததில், என்னுடைய மேல் கோட்டை யாரோ எக்ஸ்ரே அறைக்குள்ளேயே ஆணியில் மாட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், பேட்ஜோடு. நாள் முழுக்கக் கதிர் வாங்கியது கோட்டும் பேட்ஜும், நான் வெளியே இருந்திருக்கிறேன். பேட்ஜ் பொய் சொல்லவில்லை, அது இருந்த இடத்தில் நடந்ததை அப்படியே சொன்னது, அதை நாங்கள்தான் தப்பாக எடுத்துக்கொண்டோம். கல்லிலும் இப்படி நடக்குமா? ஒரு தடவை காலியான கல்லை நடுவில் வேறு ஏதாவது வந்து மறுபடி காலி செய்துவிட்டால், அல்லது கல் வேறு இடத்திலிருந்து வந்ததாக இருந்தால், கணக்கு எப்படி வரும்?

ஊருணிக்கரை எழுதியது:

அக்கா, ரொம்ப நன்றி, பேட்ஜ் உதாரணத்தில் எனக்குப் பாதி விளங்கிவிட்டது. ஐயாவுக்கும் நன்றி. ஆனால் ஒரு கேள்வி பாக்கி. அரிசோனாவில் வெப்ப ஒளிர்வும் மற்ற முறைகளும் கிட்டத்தட்ட ஒன்றாகவே வந்தன என்றால், லோணாரில் மட்டும் ஏன் இப்படிப் பிரிந்துபோனது? இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவுப் பள்ளம்தானே? அக்கா கேட்ட மாதிரி நடுவில் காட்டுத்தீ ஏதாவது வந்து காலி செய்திருக்குமா?

பாறைநேசன் எழுதியது:

காட்டுத்தீ தரையின் மேல் கிடக்கும் கல்லின் தோலைச் சுடும், ஆழத்தில் கிடப்பதை ஒன்றும் செய்யாது. அதனால் நல்ல மாதிரிகளைப் பொறுத்தவரை அது பெரிய சந்தேகம் இல்லை. நான் பார்ப்பது வேறு இடத்தில்.

அரிசோனாவில் மோதல் நடந்தது பெரும்பாலும் மணற்பாறையிலும் சுண்ணாம்பு வகைப் பாறையிலும். அங்கே இருக்கும் கொக்கோனினோ மணற்பாறை கிட்டத்தட்ட முழுக்க முழுக்க குவார்ட்ஸ், 27 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பாலைவன மணல். மோதல் தொடாத அந்தப் பாறையை அளந்தால் குழிகள் எல்லாம் நிறைந்து தளும்பும். மோதலில் நன்றாக அடிபட்ட துண்டை அளந்தால் கொஞ்சம்தான் சேர்ந்திருக்கும். ஆகவே எந்தக் கல்லில் கணக்கு சுத்தமாகத் துடைக்கப்பட்டது, எதில் அரைகுறையாக நின்றது என்பதை ஒன்றோடு ஒன்று வைத்து ஒப்பிட்டே கண்டுபிடிக்கலாம். அப்புறம் குவார்ட்ஸின் ஆழமான குழிகள் நல்ல கெட்டி, 375 டிகிரி பக்கம் காலியாகும் குழிகளில் விழுந்த எலக்ட்ரான் சாதாரண வெப்பத்தில் லட்சக்கணக்கான ஆண்டுகள் அசையாமல் கிடக்கும்.

லோணார் கதையே வேறு. அது தக்காண எரிமலைப் பாறையில், பசால்ட்டில் விழுந்த பள்ளம். இந்தியாவில் மோதலால் ஆனவை என்று உறுதியான பள்ளங்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான், லோணார், மத்தியப் பிரதேசத்து டாலா, ராஜஸ்தானத்து ராம்கட். இவற்றில் பசால்ட்டுக்குள் இருப்பது லோணார் ஒன்றுதான், உலக அளவில் பார்த்தாலும் பசால்ட்டில் இப்படி நன்றாகக் காக்கப்பட்ட பள்ளம் அபூர்வம். நிலாவின் பள்ளங்களைப் புரிந்துகொள்ள இதைத் தேடி வருகிறார்கள். 1973-இலேயே அங்கே துளையிட்டு எடுத்த பாறையில் மாஸ்கெலினைட் கிடைத்தது. அது ஃபெல்ட்ஸ்பார் படிகம் உருகாமலே அழுத்தத்தில் மட்டும் கண்ணாடியானது, எரிமலையால் அப்படி ஒன்றைச் செய்ய முடியாது. ஆனால் பசால்ட்டில் குவார்ட்ஸ் இல்லை என்றே சொல்லலாம், ஒளிர்வது பிளாஜியோகிளேஸ் ஃபெல்ட்ஸ்பார்தான். சிக்கல் அங்கேதான்.

1973-இல் ஆன் விண்டில் என்ற ஆய்வாளர் எரிமலைக் குழம்பில் இருந்த ஃபெல்ட்ஸ்பார்களை அளந்தபோது, ஏற்கெனவே தெரிந்த வயதைவிடக் குறைவாகவே வந்துகொண்டிருந்தது. காரணம் தேடியதில், கணக்குப்படி ஆயிரமாயிரம் ஆண்டு நிற்க வேண்டிய எலக்ட்ரான்கள் ஆய்வகத்தில் சும்மா வைத்திருந்த சில வாரங்களிலேயே குறைந்துபோனதைப் பார்த்தார். குழிச் சுவரைத் தாண்டாமல், குவாண்டம் முறையில் சுவருக்குள்ளேயே நுழைந்து வெளியேறிவிடுகின்றன என்பது விளக்கம், இயற்பியல் படிக்கிற உங்களுக்கு டனலிங் என்றால் உடனே புரியும். அதாவது ஊருணியின் அடியில் கசிவு. மேலே மழை பெய்கிறது, அடியில் ஊறிப் போகிறது, மட்டத்தை மட்டும் பார்த்து "இத்தனை வருட மழை" என்று சொன்னால் குறைத்துத்தான் சொல்வோம். எரிமலைப் பாறையின் ஃபெல்ட்ஸ்பாரில் இந்தக் கசிவு அதிகம்.

இன்னொரு கோளாறும் உண்டு. ஊருணி நிறைந்தால் கலுங்கு வழியாக ஓடிவிடும், அதற்கு மேல் எத்தனை மழை பெய்தாலும் மட்டம் ஏறாது. குழிகளும் அப்படித்தான். ஓர் அளவுக்கு மேல் கல்லுக்கு எண்ணத் தெரியாது. லட்சக்கணக்கான ஆண்டு என்று வந்துவிட்டால் வெப்ப ஒளிர்வுக்கு மூச்சு வாங்கும்.

என் கணிப்பைக் கேட்டால், லோணார் விஷயத்தில் நான் 5,70,000 பக்கம்தான் நிற்பேன், மோதலில் உருகிய பாறையில் ஆர்கான் அளந்தது அந்த வயது. ஆனால் ஆர்கானும் குறையே இல்லாதது என்று நினைக்க வேண்டாம். தக்காணப் பாறைக்கு ஏறத்தாழ 6.6 கோடி வயது, மோதலில் உருகும்போது அந்தப் பழைய ஆர்கான் முழுக்க வெளியேறாமல் கொஞ்சம் தங்கிவிட்டால் பள்ளத்துக்கு வயது கூடித் தெரியும். ஒன்று குறைத்துச் சொல்லும் சுபாவம், இன்னொன்று கூட்டிச் சொல்லும் சுபாவம். 2011-இல் அளந்தவர்கள் அந்தப் பழைய ஆர்கானைத் தனியாகக் கணக்கிட்டுக் கழித்த பிறகுதான் வயதைச் சொன்னார்கள், அதனால்தான் அவர்கள் பக்கம் சாய்கிறேன்.

இருட்டறை எழுதியது:

வணக்கம். நான் ஒளிர்வு முறையில் ஆய்வு செய்யும் மாணவி, சொந்த ஊர் தேவகோட்டை. ஐயா சொன்னதில் பெரும்பாலும் உடன்படுகிறேன், இரண்டு இடத்தில் மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

முதலாவது, மீட்டியார் கிரேட்டருக்கு 49,000 என்று எல்லா முறைகளும் ஒன்றாக முடித்துவிட்ட மாதிரி ஒரு தோற்றம் வருகிறது. 1991 கணக்குகளில் பயன்படுத்திய உற்பத்தி வீதங்களை, அதாவது காஸ்மிக் கதிர் பட்டுக் குளோரின்-36 போன்றவை உண்டாகும் வேகத்தைப் பிற்பாடு திருத்திப் பார்த்தவர்கள் வயதை 60,000 ஆண்டு பக்கம் கொண்டுபோயிருக்கிறார்கள். இதனால் வெப்ப ஒளிர்வு கெட்டுப்போகவில்லை, ஆனால் இரண்டு கடிகாரம் ஒன்றாக அடித்துவிட்டது என்பதற்காகச் சரிபார்ப்பதை நிறுத்திவிடக் கூடாது.

இரண்டாவது, வயது ஒன்றுக்கு மட்டும்தான் வெப்ப ஒளிர்வு என்று நினைக்க வேண்டாம். எனக்கு இதைவிடப் பிடித்தது அதிர்ச்சியின் தடம் பார்ப்பது. அதிர்வலை படிகத்தை நொறுக்கும்போது குழிகள் காலியாவது மட்டும் இல்லை, குழிகளே மாறிப்போகின்றன, சில அழியும், சில புதிதாக உண்டாகும். ஃபெல்ட்ஸ்பார் மாஸ்கெலினைட் கண்ணாடியாகிவிட்டால் ஒளிரும் திறனே வெகுவாகக் குறைந்துவிடும். ஆகவே இயற்கையாகச் சேர்ந்த ஒளியை வடித்த பிறகு, எல்லா மாதிரிக்கும் ஆய்வகத்தில் ஒரே அளவு கதிர் கொடுத்து, எது எவ்வளவு ஒளிர்கிறது என்று பார்த்தால், அந்தக் கல் எவ்வளவு அடி வாங்கியது என்பதற்கு ஒரு குறிப்பு கிடைக்கும். விண்கற்களிலும் இதே உத்தி உண்டு, 1980-இல் டெரெக் சியர்ஸும் அவருடன் இருந்தவர்களும் காண்ட்ரைட் வகை விண்கற்களை ஒளிரும் திறனை வைத்தே நுணுக்கமாக வரிசைப்படுத்திக் காட்டினார்கள். அங்கே ஒரு கல்லுக்கும் இன்னொரு கல்லுக்கும் ஆயிரம் மடங்கு வரை வித்தியாசம் வந்தது.

இளம் பள்ளங்களில் இந்த முறைக்கு நிகர் குறைவு. சவுதி அரேபியாவின் ரூப் அல் காலி பாலைவனத்தில் வாபர் என்ற இடம், ஃபில்பி என்ற ஆங்கிலேயப் பயணி 1932-இல் போய்ப் பார்த்து எழுதினார். இரும்பு விண்கல் மணலில் மோதி, மணல் உருகிக் கறுப்புக் கண்ணாடியாகக் கிடக்கிறது. அங்கே ஒளிர்வு அளவீடு சொன்ன வயது 290 ஆண்டு, கூடக்குறைய 38, அவ்வளவுதான்! இத்தனை இளம் பாறையில் ஆர்கான் சேர்ந்திருக்கவே நேரம் இல்லை. அதே ஒளிர்வை டாலா மாதிரி நூறு கோடி ஆண்டு தாண்டிய பள்ளத்துக்கு எடுத்துப்போனால் வயது சொல்லாது, ஊருணி எப்போதோ நிறைந்துவிட்டது.

வேலை எப்படி நடக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன், தம்பிக்குப் பயன்படும். வெயில் பட்டாலும் குழிகள் ஓரளவு காலியாகும். அதனால் பாறையை வெட்டி எடுத்த உடனே கறுப்புப் பையில் சுற்றிவிடுவோம், ஆய்வகத்தில் மங்கிய சிவப்பு விளக்கில் மேல் தோலைச் சீவி எறிந்துவிட்டு உள் பகுதியை மட்டும் எடுப்போம். பக்குவமாகப் பொடித்து, அமிலத்தில் கழுவி, சலித்து, சின்னத் தட்டில் பரப்பி, நைட்ரஜன் சூழ்நிலையில் நொடிக்கு 5 டிகிரி மாதிரி சீராகச் சூடேற்றுவோம். அப்போது திரையில் மேடு மேடாக ஒரு வளைகோடு வரும். அப்புறம் இன்னும் சூடாக்காத பங்குகளுக்கு ஸ்ட்ரான்சியம்-90 மூலத்திலிருந்து தெரிந்த அளவில் கதிர் கூட்டிக்கொடுத்து, ஒளி எப்படி ஏறுகிறது என்று கோடு போட்டு, கல் இயற்கையில் வாங்கிய அளவைப் பின்னோக்கிக் கண்டுபிடிப்போம்.

இத்தனையும் சரியாகச் செய்துவிட்டு, கல் வருடத்துக்கு வாங்கும் கதிர் அளவில் கோட்டை விடுகிறவர்கள் உண்டு. தோரியம் மணல் இருக்கும் மணவாளக்குறிச்சிக் கரையில் கிடக்கும் கல்லுக்கும் காரைக்குடிக் கல்லுக்கும் ஒரே அளவு கதிர் மழை பெய்யாது. ஈரமும் முக்கியம், தண்ணீர் கதிரை விழுங்கிவிடும், ஏரிக்குள் ஊறிக் கிடந்த கல் வருடத்துக்கு வாங்குவது குறைவு. கல் எடுத்த குழியிலேயே அளவுகருவியை வைத்துப் பார்க்காமல், பையில் வந்த கல்லுக்கு மட்டும் வயது சொல்லச் சொன்னால் நான் சொல்ல மாட்டேன். கதிர்ப்படம் அக்காவின் ஆணியில் மாட்டிய பேட்ஜ் மாதிரி ஆகிவிடும்.

கொத்துவேலை எழுதியது:

தம்பி ஊருணியைப் பற்றிக் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். முப்பது வருடமாகக் கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோனாபட்டுப் பக்கம் பழைய வீடுகளைப் பழுது பார்க்கும் வேலை. நீங்கள் சொல்லும் கருஞ்சிவப்பு ஓட்டைக்கல் செம்புராங்கல்லாகத்தான் இருக்கும். வெட்டி எடுக்கும்போது இளசாக இருக்கும், காற்றுப் பட்டு இறுகிவிடும். பார்க்கத் தீயில் வெந்த மாதிரியே இருக்கும், ஆனால் தீ அதைத் தொட்டதே இல்லை. மழையும் வெயிலும் பாறையை அரித்து மற்றதெல்லாம் கரைந்துபோய் இரும்பு தங்கிய கல் அது. நம் ஊருணிகளின் படிக்கட்டும் சுற்றுச்சுவரும் பாதிக்கு மேல் அந்தக் கல்தான்.

ஊருணியைப் போய்ச் சுற்றிப் பாருங்கள். வரத்துக்கால் இருக்கிறதா, வெட்டிய மண்ணைக் கரையாகப் போட்டிருக்கிறதா, படித்துறை இருக்கிறதா? மூன்றும் இருந்தால் மனிதர் வெட்டியது. அதில் குறைவு ஒன்றும் இல்லை, ஒரு ஊருக்கே குடிதண்ணீர் கொடுத்த வேலை அது.

இருட்டறை தங்கச்சியிடம் எனக்கும் ஒன்று கேட்க வேண்டும். வீட்டுக்காரர்கள் அடிக்கடி வீட்டின் சரியான வயதைக் கேட்கிறார்கள். நாட்டு ஓடு, செங்கல், ஆத்தங்குடிக் கல், இவற்றை இப்படி அளக்க முடியுமா?

இருட்டறை எழுதியது:

ஓட்டையும் செங்கல்லையும் அளக்கலாம் அண்ணே, சூளையில் சுட்டபோது கணக்கு துடைக்கப்பட்டுவிட்டது. பானை ஓடுகளுக்கு இந்த முறையை 1960-களிலிருந்தே பயன்படுத்துகிறார்கள். ஆனால் வயதில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரை கூடக்குறைய இருக்கும், நூறு வருட வீட்டுக்கு உங்கள் கண்ணே துல்லியம். ஆத்தங்குடிக் கல் முடியாது. அது சிமெண்டும் மணலும் சேர்த்துக் கண்ணாடி மேல் வார்த்து, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைப்பது, சூளைக்கே போகாத கல். அதற்குள் இருக்கும் மணலைச் சூடாக்கினால் ஆற்று மணலின் பழைய கணக்குதான் வரும், அந்த வீட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்காது. ஐயனார் கோயில் மண் குதிரை என்றால் தாராளமாக முடியும்.

தம்பி, உங்கள் செம்புராங்கல்லுக்கும் அதே பதில். அது வெந்ததே இல்லை என்றால் எதிலிருந்து எண்ணுவது? வெப்ப ஒளிர்வு கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

பாறைநேசன் எழுதியது:

மீட்டியார் கிரேட்டர் திருத்தத்துக்கு நன்றி அம்மா, நான் பழைய எண்ணிலேயே நின்றுவிட்டேன். வருடாந்திர அளவைப் பற்றிச் சொன்னதும் லோணாருக்கு ரொம்ப முக்கியம், பசால்ட்டில் பொட்டாசியமும் யுரேனியமும் குறைவு, கதிர் மழையே தூறலாகப் பெய்கிற ஊர் அது, அதில் சின்னப் பிழை வந்தாலும் வயது பெரிதாக அசையும்.

ஊருணிக்கரை தம்பிக்கு ஒன்று. அப்பத்தா சொன்னதை ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம். பள்ளம் வெட்டியதாக இருக்கலாம், ஆனால் அந்தப் பக்கம் யாரோ ஒருவர் எரிகல் விழுவதைப் பார்த்திருக்கலாம், இரண்டு சேதியும் ஒன்றாகச் சேர்ந்திருக்கலாம். நம் மாநிலத்தில் விண்கல் விழாமல் இல்லை. 1890-இல் அன்றைய சேலம் மாவட்டத்துக் காகங்கரையில் விழுந்த கல், உலகத்து விண்கல் வகைப்பாட்டில் ஒரு தனிப் பிரிவுக்கே பெயர் கொடுத்திருக்கிறது. அது எந்தக் காலத்துச் சேதி, யார் சொன்னது என்று அப்பத்தாவிடம் கேட்டு எழுதி வையுங்கள்.

ஊருணிக்கரை எழுதியது:

நேற்று ஞாயிற்றுக்கிழமை ஊருணியை முழுக்கச் சுற்றி வந்தேன். கொத்துவேலை அண்ணன் சொன்ன மூன்றும் இருக்கிறது. வரத்துக்கால் புதர் மண்டிக் கிடக்கிறது, ஆனால் கால் வைத்தால் கல் கட்டுமானம் தட்டுப்படுகிறது. ஒரு செம்புராங்கல்லை உடைத்துப் பார்த்தேன், உள்ளே மஞ்சளும் சிவப்புமாக மண்தான், உருகிய தோல் எதுவும் இல்லை, காந்தமும் ஒட்டவில்லை. கொஞ்சம் வருத்தமாக இருந்தது, உண்மையைச் சொல்ல வேண்டும் இல்லையா.

அப்பத்தாவிடம் கேட்டேன். ஊருணி விஷயத்தை அதன் மாமியார் சொன்னதாம். நட்சத்திரம் விழுந்ததைப் பார்த்தது மாமியாரின் அப்பாவாம், ஐப்பசி மாதம், விடியற்காலை, மாட்டை அவிழ்க்கப் போனபோது வடக்கே பார்த்தாராம், இடி மாதிரி சத்தம் கேட்டதாம். ஊருணி ஏற்கெனவே இருந்ததா என்று கேட்டதற்கு "அங்கதான் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனாரு" என்றது. ஆக ஊருணி முதலிலேயே இருந்திருக்கிறது. எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வைத்துவிட்டேன்.

இருட்டறை அக்கா, எங்கள் ஐயனார் கோயில் பின்னால் உடைந்த மண் குதிரைகள் குவியலாகக் கிடக்கின்றன. பூசாரி ஐயாவிடம் கேட்டேன், அடியில் புதைந்திருப்பதில் ஒரு துண்டு எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். கல்லூரியில் என் இறுதியாண்டுத் திட்டத்துக்கு அதையே எடுத்துக்கொள்ளலாமா என்று பார்க்கிறேன். கறுப்புப் பை வாங்கி வைத்திருக்கிறேன். ராத்திரியில் தோண்ட வேண்டுமா, அல்லது பகலிலேயே மேலே போர்வை பிடித்துக்கொண்டு எடுத்தால் போதுமா?